தூரம் மாறாது, நேரம் மாறும்: விமானப் பயணக் கேள்வி பதில்

நீண்ட தூர விமானப் பயணம் பத்தி கேள்வி இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், இந்த ஏர்போர்ட்ல இருந்து அந்த ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும், ஏன் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கணக்கு காட்டுது. அதனால இந்த தடவை மொத்தமும் அதுக்கே ஒதுக்கிட்டோம்.

கேள்வி: சார் வணக்கம். எனக்கு வயசு 63, இதுதான் முதல் விமானப் பயணம். பொண்ணு நியூயார்க்ல இருக்கா, சிங்கப்பூர்ல இருந்து நேரா போற ஃப்ளைட்ல டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கா. நெட்ல தேடினா தூரம் 15,349 கிலோமீட்டர், நேரம் 17 மணின்னு வருது. டிக்கெட்ல பார்த்தா 18 மணி நேரத்துக்கு மேல இருக்கு, திரும்பி வர்றதுக்கு கிட்டத்தட்ட 19 மணி நேரம். எதை நம்புறது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கம்மா. நெட்ல வர்ற 17 மணி நேரம் பொய் கிடையாது, ஆனா அது வெறும் வகுத்தல் கணக்கு. ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை தீர்க்கரேகையை எடுத்து, பூமி உருண்டை மேல அதுக்கு நடுவுல இருக்கிற மிகக் குறைஞ்ச தூரத்தைக் கண்டுபிடிச்சு, அதை மணிக்கு 900 கிலோமீட்டர்னு ஒரு வேகத்தால வகுத்துப் போட்டுடறாங்க, அவ்வளவுதான் அந்த வெப்சைட் செய்யற வேலை.

அந்த 900 எங்கிருந்து வந்துச்சுன்னா, பெரிய ஜெட் விமானங்கள் பத்து பதினோரு கிலோமீட்டர் உயரத்துல பறக்கும், அங்க வெளியில குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழ, அந்தக் குளிர்ல ஒலியோட வேகமே மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர்தான், விமானம் அதுல 85 சதவீதத்துல போகும், கணக்குப் போட்டா 900 வரும். சரியான எண்தான். ஆனா விமானம் அந்த வேகத்துல பறக்கிறது மேல போன பிறகுதானே. டிக்கெட்ல போடற நேரம் எங்க ஆரம்பிக்குதுன்னா கேட்டை விட்டு விமானம் நகர்ற நிமிஷத்துல, முடியறது அந்தப் பக்க ஏர்போர்ட் கேட்ல வந்து நிக்கிற நிமிஷத்துல. இதுக்கு விமானக் கம்பெனிகள் பாஷையில பிளாக் டைம்னு பேரு. ரன்வே வரைக்கும் உருண்டு போறது, முன்னாடி நிக்கிற விமானங்களுக்குப் பின்னாடி காத்திருக்கறது, மேல ஏற இருபது இருபத்தஞ்சு நிமிஷம், இறங்கறதுக்கு அரை மணி நேரம், இறங்கின பிறகு திரும்ப கேட் வரைக்கும் உருண்டு போறது, எல்லாம் அதுக்குள்ள அடக்கம். இதுக்கு மேல கொஞ்சம் தாமதமானாலும் சமாளிக்கலாம்னு கம்பெனிகள் கொஞ்ச நிமிஷம் கூட வச்சுதான் அட்டவணை போடுவாங்க.

நான் வச்சிருக்கற கணக்கு இதுதான். கிலோமீட்டரை 900ஆல வகுத்துக்கங்க, கூட முக்கால் மணி நேரம் சேர்த்துக்கங்க, காத்து எந்தப் பக்கம்னு பார்த்து கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக்கங்க. உங்க பயணத்துக்கு அது கிட்டத்தட்ட 17 மணி முக்காலுக்கு வருது. மீதி நேரம் ஏன்னா, விமானம் அந்த 15,349 கிலோமீட்டர் கோட்டு மேலயே போறதில்ல, நல்ல காத்து இருக்கற வழியாப் பார்த்து சுத்திப் போகும், பல நாள் பசிபிக் கடல் மேலதான் போகும், அப்ப பறக்கற தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிடும். தூரம் கூடினாலும், அந்தக் கோட்டு மேலயே போறதை விட நேரம் குறையும், எரிபொருளும் மிச்சம்.

நீங்க ஏறப்போற விமானத்தைப் பத்தியும் சொல்லிடறேன், இந்த மாதிரி தூரத்துக்குன்னே செஞ்சது அது. ஏர்பஸ் ஏ350-900 ரகத்துல சாதாரணமா 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், இதுல 1,65,000 லிட்டர் பிடிக்கற மாதிரி மாத்தியிருக்காங்க. சீட் மொத்தமே 161தான், அதே அளவு விமானத்துல வழக்கமா 300 பேர் வரைக்கும் போவாங்க. எரிபொருள் எடை கூடக் கூட அந்த எடையைத் தூக்கறதுக்கே இன்னும் எரிபொருள் வேணும், அதனால ஆளைக் குறைச்சாதான் அவ்வளவு தூரம் போக முடியும்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்கம்மா, 18 மணி நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுந்து நடந்துட்டு வாங்க, உட்கார்ந்திருக்கும்போதும் கணுக்காலை ஆட்டிக்கிட்டே இருங்க, தண்ணி குடிங்க. நீண்ட நேரம் அசையாம இருந்தா கால்ல ரத்தம் உறையற ஆபத்து உண்மையிலேயே இருக்கு, உங்க வயசுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறது நல்லது. நடைபாதை ஓரமா சீட் கேளுங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கறவங்களை எழுப்பணுமேன்னு யோசிச்சு எழுந்திருக்காம இருந்துடுவீங்க, அதுக்காகச் சொல்றேன்.

கேள்வி: நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு ஏழு மணி நேரம், லண்டன்ல இருந்து நியூயார்க்குக்கு எட்டு மணி நேரம். தூரம் ஒண்ணுதானே? பூமி மேற்கில இருந்து கிழக்கா சுத்துது, அப்ப மேற்க போற விமானத்துக்கு ஊரே எதிர்ல வரணும், சீக்கிரம் போய்ச் சேரணும், ஆனா தலைகீழா இருக்கே. வகுப்புல கேட்டேன், யாரும் சரியா சொல்லல. (பிளஸ் டூ மாணவர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி, விடாம யோசிச்சிருக்கீங்க. பூமி சுத்தும்போது காத்தும் அது கூடவே சேர்ந்துதான் சுத்துது, விமானம் பறக்கறது அந்தக் காத்துக்குள்ள. ஓடற ரயிலுக்குள்ள நீங்க முன்னாடி பின்னாடி நடந்தா ரெண்டுக்கும் ஒரே நேரம்தானே ஆகும், அது மாதிரி. அதனால பூமி சுத்தறதுனால நேரடியா லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல.

விஷயம் ஜெட் ஸ்ட்ரீம்ல இருக்கு. பூமத்திய ரேகைப் பக்கம் காத்து சூடு, துருவத்துப் பக்கம் குளிர், இந்த வித்தியாசமும் பூமியோட சுழற்சியும் சேர்ந்து சுமார் 9ல இருந்து 12 கிலோமீட்டர் உயரத்துல மேற்கில இருந்து கிழக்கா ஒரு காத்து ஆறு ஓட வைக்குது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம்லாம் சாதாரணம், குளிர்காலத்துல 300ஐத் தாண்டறதும் உண்டு. விமானங்கள் பறக்கற உயரமும் அதேதான், அதனால கிழக்க போனா காத்து தள்ளிவிடும், மேற்க போனா முட்டிக்கிட்டு போகணும். சுழற்சிக்குப் பங்கு இருக்கு, ஆனா நீங்க நினைச்ச வழியில இல்ல.

2020 பிப்ரவரில ஒரு பெரிய புயல் சமயத்துல நியூயார்க்ல கிளம்பின பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிஷத்துல லண்டன்ல இறங்குச்சு. தரையை வச்சுப் பார்த்தா அதோட வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தொட்டுச்சு. ஒலியை விட வேகமாச்சேன்னு தோணும், ஆனா அது தன்னைச் சுத்தி இருக்கிற காத்துக்குள்ள எப்பவும் போற வேகத்துலதான் போச்சு, காத்தே சேர்ந்து ஓடினதால தரைக் கணக்குல அவ்வளவு வந்துச்சு. அடுத்த தடவை விமானத்துல போனா முன் சீட் பின்னாடி இருக்கற திரையில மேப்பைப் போட்டு கிரவுண்ட் ஸ்பீடைப் பாருங்க. கிழக்க போறப்போ 1,050, 1,080னு ஓடிக்கிட்டு இருக்கும், அதே வழியில திரும்பி வர்றப்போ 780ல நிக்கும், என்ஜின் சத்தத்துல கொஞ்சம் கூட வித்தியாசம் தெரியாது.

இன்னொன்னு, போகும்போது கிடைச்ச லாபமும் வரும்போது பட்ட நஷ்டமும் கழிஞ்சு சரியாப் போயிடும்னு நினைக்காதீங்க. 5,400 கிலோமீட்டர் தூரம், விமான வேகம் 900, காத்து 100னு வச்சுக்கங்க. காத்தே இல்லன்னா போக ஆறு வர ஆறு, மொத்தம் 12 மணி நேரம். காத்தோட போனா 1,000 வேகம், 5 மணி 24 நிமிஷம். எதிர்த்து வந்தா 800 வேகம், 6 மணி 45 நிமிஷம். கூட்டிப் பாருங்க, 12 மணி 9 நிமிஷம். எதிர்காத்துல நீங்க அதிக நேரம் மாட்டிக்கிட்டு இருக்கீங்க, அதுதான் காரணம்.

இந்தக் காத்தை முதல்ல அளந்தவர் வசாபுரோ ஓய்ஷின்னு ஒரு ஜப்பான் வானிலை ஆய்வாளர், 1920கள்ல பலூன் விட்டுப் பார்த்து கண்டுபிடிச்சார். உலகம் பூரா படிக்கணும்னு, எல்லா நாட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு உருவாக்கின எஸ்பெராண்டோ மொழியில எழுதி வெளியிட்டார், அந்த மொழியைப் படிக்கறவங்க ரொம்பக் கம்மி, அதனாலயே அது வெளிய யார் கண்ணுலயும் படாமப் போச்சு. 1944ல அமெரிக்காவோட பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான் மேல உயரத்துல பறந்தப்போ, இந்தக் காத்துல மாட்டி திணறினாங்க. அவ்வளவு கஷ்டப்பட்டு அளந்த மனுஷனோட வேலை இருபது வருஷம் சும்மா கிடந்துச்சுன்னு நினைக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

கேள்வி: திரையில மேப் பார்த்தா விமானம் வில்லு மாதிரி வளைஞ்சு வடக்க போயிட்டு கீழ இறங்குது. நேரா போனா சீக்கிரம் போகலாமே?

பதில்: அது நேராத்தான் போகுது, வளைஞ்சிருக்கறது மேப். வீட்ல குழந்தைங்க படிக்கற உருண்டை குளோப் இருந்தா ஒரு நூல் எடுத்துக்கங்க. ஒரு முனையை துபாய் மேல ஒரு விரலால அழுத்திப் பிடிங்க, இன்னொரு முனையை லாஸ் ஏஞ்சலஸ் மேல வச்சு, தொய்வு இல்லாம இழுங்க. மேப்புல பார்த்த ஞாபகத்துல நூலை அட்லாண்டிக் கடல் மேல படிய வைக்கப் பார்ப்பீங்க, அது அங்க நிக்கவே நிக்காது, இழுக்க இழுக்க வழுக்கிக்கிட்டு மேல ஏறி வட துருவத்துக்குப் பக்கத்துல போய்த்தான் விறைப்பா நிக்கும். அந்த நூல் நிக்கற இடம்தான் குறைஞ்ச தூரம், பெருவட்டப் பாதைன்னு சொல்லுவாங்க. நான் சொன்னா பாதிதான் நம்புவீங்க, நூலைப் பிடிச்சு இழுக்கும்போது கையில உணர்ற வழுக்கல் இருக்கு பாருங்க, அதுக்கப்புறம் சந்தேகமே வராது.

நாம சுவத்துல மாட்டற மேப் பெரும்பாலும் 1569ல மெர்க்காட்டர் போட்ட முறையில வந்தது. கப்பல்காரங்களுக்கு திசை தப்பாம இருக்கணும்னு போட்டார், அந்த வேலைக்கு அருமையான மேப், ஆனா துருவத்துப் பக்கம் போகப் போக எல்லாத்தையும் இழுத்துப் பெரிசாக்கிடும், கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், நிஜத்துல ஆப்பிரிக்கா அதைவிட 14 மடங்கு பெரிசு.

2021 ஜனவரில ஏர் இந்தியா சான்பிரான்சிஸ்கோவுல இருந்து பெங்களூருக்கு நேரா ஒரு ஃப்ளைட் விட்டுச்சு, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில விமானிகள் எல்லாருமே பெண்கள், அவங்க வந்ததும் வட துருவத்து மேலதான். தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். சான்பிரான்சிஸ்கோவும் பெங்களூரும் உருண்டையில கிட்டத்தட்ட எதிரெதிர் தீர்க்கரேகை, அதனால கிழக்க போறதா மேற்க போறதான்னு யோசிக்காம மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கிடறதுதான் கிட்ட.

கேள்வி: ஒரு வெப்சைட்ல 9,537னு போட்டிருக்கு, இன்னொன்னுல 8,288, மூணாவதுல 15,349. மூணும் சிங்கப்பூர் நியூயார்க்தான். தலை சுத்துது.

பதில்: மூணும் ஒரே தூரம்தான். முதல்ல இருக்கறது மைல், ரெண்டாவது கடல் மைல், மூணாவது கிலோமீட்டர். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலைத்தான் பயன்படுத்துவாங்க. எண்ணைப் பார்க்கறதுக்கு முன்னாடி அலகைப் பாருங்க.

கேள்வி: வெப்சைட் இல்லாம நாமளே பேப்பர்ல தூரம் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும், ஹேவர்சைன்னு ஒரு சூத்திரம் இருக்கு, சைன் கொசைன் தெரிஞ்சா போதும். பூமியோட சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர்னு வச்சுப் போட்டா அரை சதவீதத்துக்குள்ள சரியா வரும், பூமி துருவத்துல கொஞ்சம் தட்டையா இருக்கறதால வர்ற வித்தியாசம் அது.

ஆனா சிங்கப்பூர் நியூயார்க்குக்கு சூத்திரமே வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும், அதை முதல் தடவை போட்டுப் பார்த்தப்போ எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, அதனால இங்க போட்டுக் காட்டறேன். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் ஏர்போர்ட் 73.8 டிகிரி மேற்கு, ரெண்டுக்கும் நடுவுல 177.8 டிகிரி, அதாவது உருண்டைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம். அப்ப குறைஞ்ச வழி துருவம் வழியாத்தான். சிங்கப்பூர் அட்சரேகை 1.36 வடக்கு, துருவம் 90, ஏற வேண்டியது 88.64 டிகிரி. நியூயார்க் 40.64 வடக்கு, இறங்க வேண்டியது 49.36. கூட்டினா 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினா 15,346. கம்ப்யூட்டர் சொல்றது 15,349. மூணு கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

கேள்வி: டோக்கியோவுல சாயங்காலம் 5 மணிக்கு கிளம்பி, அதே நாள் காலையில 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல இறங்கறதா டிக்கெட்ல இருக்கு. அச்சுப் பிழையா? நேரத்தை எப்படிக் கணக்கு போடறது?

பதில்: பிழை இல்ல, நடுவுல பசிபிக் கடல்ல தேதிக்கோட்டைத் தாண்டறீங்க, தேதி மாறற கற்பனைக் கோடு அது. டிக்கெட்ல கிளம்பற நேரம் கிளம்பற ஊர் கடிகாரத்துல இருக்கும், இறங்கற நேரம் இறங்கற ஊர் கடிகாரத்துல இருக்கும், ரெண்டையும் நேரா கழிக்கவே கூடாது. ரெண்டையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாத்துங்க. டோக்கியோ 9 மணி நேரம் முன்னாடி, அப்ப சாயங்காலம் 5 மணிங்கறது யூடிசில காலை 8. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்துல 8 மணி நேரம் பின்னாடி, அப்ப காலை 10ங்கறது யூடிசில சாயங்காலம் 6. எட்டுல இருந்து ஆறு வரைக்கும் 10 மணி நேரம், அதுதான் உங்க பயணம். அமெரிக்காவுல கோடைக்காலத்துல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, ஜப்பான்ல அந்தப் பழக்கம் கிடையாது, அதனால எந்த மாசம்னு பார்த்துப் போடுங்க. திரும்பி வர்றப்போ ஒரு நாள் காணாமப் போன மாதிரி இருக்கும், உங்களைக் கூட்டிட்டுப் போக வர்றவங்ககிட்ட இறங்கற தேதியை எழுதியே கொடுத்துடுங்க. தேதி மாத்திப் புரிஞ்சுக்கிட்டு ஒரு நாள் முன்னாடியே வந்து காத்துக் கிடந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

கேள்வி: எட்டு வருஷம் முன்னாடி ஹெல்சிங்கியில இருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்துல போனேன். இப்ப 13 மணி நேரம்னு காட்டுது. ஏர்போர்ட் இடம் மாறலையே?

பதில்: ஏர்போர்ட் அங்கேயேதான் இருக்கு, நடுவுல இருக்கற கதவை மூடிட்டாங்க. 2022 பிப்ரவரில உக்ரைன் போர் ஆரம்பிச்ச பிறகு ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒருத்தர் வான்வெளியில ஒருத்தர் விமானம் பறக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. ஹெல்சிங்கியில இருந்து சைபீரியா மேல போற நேர்வழி அதோட போச்சு. இப்ப வட துருவம் வழியாவோ, தெற்க மத்திய ஆசியா வழியாவோ சுத்தித்தான் போகணும். தூரம் கேட்டா வெப்சைட் இன்னும் அந்தப் பழைய நேர்கோட்டைத்தான் சொல்லும், அதுக்கு போர் நடக்கறதெல்லாம் தெரியாது. நீங்க போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்த ஃப்ளைட் நம்பரைப் போட்டு, கடந்த சில நாள் உண்மையில எத்தனை மணிக்கு கிளம்பி எத்தனை மணிக்கு இறங்குச்சுன்னு பாருங்க, அதைவிட நம்பிக்கையான கணக்கு வேற கிடையாது.

அரசியல் இல்லாமலும் சுத்த வேண்டியது வரும். திபெத் பீடபூமி மேல விமானங்கள் பெரும்பாலும் போறதில்ல, ஏன்னா கேபின்ல காத்தழுத்தம் போச்சுன்னா உடனே 10,000 அடிக்கு இறங்கணும், அங்க தரையே அதுக்கு மேல இருக்கு. அதே மாதிரி ரெண்டு என்ஜின் விமானம் நடுக்கடல்ல ஒரு என்ஜின் நின்னாலும் ஒத்தை என்ஜின்ல குறிப்பிட்ட நிமிஷத்துக்குள்ள ஏதாவது ஒரு ஏர்போர்ட்டைத் தொடற தூரத்துலதான் பறக்கணும்னு விதி. முன்னாடி அது 60 நிமிஷம், அப்புறம் 120, 180னு கூடிக்கிட்டே வந்துச்சு, ஏ350க்கு இப்ப 370 நிமிஷம் வரைக்கும் அனுமதி இருக்கு. என்ஜின்கள் மேல அவ்வளவு நம்பிக்கை வந்துடுச்சு, அதனாலதான் கடல் மேல நேரா போக முடியுது.

கேள்வி: தூரத்தை வச்சு கணக்குப் போட்டு, நடுவுல ரெண்டு மணி நேரம் இடைவெளி வர்ற மாதிரி ரெண்டு ஃப்ளைட் தனித்தனியா புக் பண்ணப் போறேன், விலை குறைவா இருக்கு. சரியா வருமா?

பதில்: பண்ணாதீங்க. இதை நான் அனுபவிச்சுட்டு சொல்றேன். பல வருஷம் முன்னாடி இதே மாதிரி ரெண்டு தனி டிக்கெட், நடுவுல ரெண்டே கால் மணி நேரம். குளிர்காலம், மேற்க போற பயணம், எதிர்காத்து. திரையில கிரவுண்ட் ஸ்பீட் 760, 770ன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு, சேர்ற நேரம் அஞ்சு அஞ்சு நிமிஷமா தள்ளிப் போறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன், கடைசியில 55 நிமிஷம் லேட். இறங்கி, குடியேற்ற வரிசையில நின்னு, பெட்டியை எடுத்துக்கிட்டு அடுத்த கவுன்டருக்கு ஓடினேன், மூடி 10 நிமிஷம் ஆயிடுச்சுன்னாங்க. முதல் ஃப்ளைட் லேட்டானதுக்கு நாங்க பொறுப்பில்லன்னாங்க, அவங்க பக்கம் பார்த்தா அதுவும் சரிதான், ரெண்டு டிக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லையே. புதுசா டிக்கெட் வாங்கித்தான் போனேன்.

ஒரே டிக்கெட்டா வாங்கினா, முதல் விமானம் லேட்டாகி அடுத்ததை விட்டுட்டீங்கன்னா வேற ஃப்ளைட்ல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு, பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊருக்கே போயிடும். தனித்தனியாத்தான் வேணும்னா பத்து மணி நேரத்துக்கு மேல பறக்கற ஃப்ளைட்டுக்குப் பின்னாடி அஞ்சு ஆறு மணி நேரமாவது விடுங்க, குளிர்காலத்துல மேற்க போறீங்கன்னா ஒரு ராத்திரி தங்கிட்டே போங்க. நாட்டுக்குள்ள நுழைஞ்சு பெட்டி எடுக்கணும்னா அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம், அதைப் பார்க்காம கிளம்பிடாதீங்க.

கேள்வி: லேட்டா கிளம்பினா விமானி வேகமா ஓட்டி சரிகட்ட முடியாதா?

பதில்: கொஞ்சம்தான் முடியும். ஒலி வேகத்துல 85 சதவீதத்துல போறதை 87 ஆக்கினா, 15 மணி நேரப் பயணத்துல மிச்சமாகறது 20 நிமிஷம். அதுக்கு மேல போனா றெக்கை மேல ஒலி வேகத்தைத் தாண்டி ஓடற காத்து இன்னும் அதிகமாகி, விமானத்தைப் பின்னாடி இழுக்கற இழுவை திடீர்னு ஏறும், எரிபொருள் கண்டபடி குடிக்கும். ஒலியைத் தாண்டிப் பறந்த கான்கார்ட் விமானம் 1996ல நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 2 மணி 53 நிமிஷத்துல போச்சு, 2003ல அதை நிறுத்திட்டாங்க, அதுக்குப் பிறகு பயணிகளுக்கு அந்த மாதிரி இன்னொண்ணு வரல.

கேள்வி: உலகத்துலேயே ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரத்துல இருக்கற ரெண்டு ஏர்போர்ட் எது சார்? அங்க நேரா போக எத்தனை மணி நேரம் ஆகும்? (ஏழாம் வகுப்பு மாணவி)

பதில்: பூமியோட சுத்தளவு சுமார் 40,000 கிலோமீட்டர் பாப்பா, அதனால எந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல 20,000 கிலோமீட்டருக்குப் பெரிசா மேல போகாது. அந்த எல்லையைத் தொடற ஒரு ஜோடி ஸ்பெயின்ல இருக்கற மலகாவும் நியூசிலாந்துல இருக்கற ஆக்லாந்தும், நடுவுல 19,900 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. 900ஆல வகுத்தா 22 மணி நேரம் தாண்டும். இப்போதைக்கு அங்க நேரா போற ஃப்ளைட் எதுவும் கிடையாது.

முடியவே முடியாததுன்னு சொல்ல மாட்டேன். 1989ல ஆஸ்திரேலிய விமானக் கம்பெனி குவாண்டாஸோட ஒரு 747 லண்டன்ல இருந்து சிட்னிக்கு எங்கேயும் நிக்காம 20 மணி 9 நிமிஷத்துல போய்ச் சேர்ந்துச்சு, ஆனா பயணிகளை ஏத்திக்கிட்டுப் போற வழக்கமான ஃப்ளைட் இல்ல அது. 2019ல அதே கம்பெனி நியூயார்க்ல இருந்து சிட்னிக்கு 49 பேரை மட்டும் ஏத்திக்கிட்டு 19 மணி 16 நிமிஷம் பறந்து, அத்தனை நேரம் உள்ள இருந்தா உடம்பு என்ன ஆகுதுன்னு ஆராய்ச்சி பண்ணாங்க. 2005ல ஒரு போயிங் 777 ஹாங்காங்ல இருந்து லண்டனுக்கு வேணும்னே கிழக்க பார்த்துக் கிளம்பி பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டி 21,602 கிலோமீட்டர் போச்சு, 22 மணி 42 நிமிஷம். அது மலகா ஆக்லாந்து தூரத்தை விடவே அதிகம், புரியுதா, கிட்டத்து வழியை விட்டுட்டு தூரத்து வழியில சுத்திப் போனாங்க.

மேல சொன்ன நூல் விளையாட்டை மலகா ஆக்லாந்துக்கு செஞ்சு பாரு. ஒரு விரல் இங்க, ஒரு விரல் அங்க, நூலை இழு. அந்த நூலுக்கு எங்க நிக்கறதுன்னே தெரியாது, வட துருவம் வழியா வச்சாலும் நிக்கும், தென் துருவம் வழியா வச்சாலும் நிக்கும், ஆப்பிரிக்கா மேல வச்சாலும் தென் அமெரிக்கா மேல வச்சாலும் நிக்கும், எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட அதே நீளம்தான்.